இருட்டறையில் இருந்தவர்கள்

சினிமா வரலாறு பேசும் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் எதிர்ப்படுபவர் ஒரு தந்தை. இந்திய சினிமாவின் தந்தை தாதாசாகேப் பால்கே. தென்னிந்திய சினிமாவின் தந்தை ரகுபதி வெங்கையா என்பார்கள் சிலர். நடராஜ முதலியார்தான் என்பார்கள் வேறு சிலர். கடல் தாண்டிப் போனால் அங்கே லூமியர் சகோதரர்களும் எடிசனும். "இத்தன அப்பாமாரு இருக்காவளே மேடம், அம்மா யாரு?" என்று என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய கேள்வி அல்ல அது.

சினிமாவுக்கு ஓர் அன்னையைத் தேடிப் பிடித்து, தந்தையர் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைப்பது என் நோக்கமல்ல. அப்படிச் செய்தால் வரிசை அப்படியேதான் இருக்கும்; நாற்காலி மட்டும் ஒன்று கூடும். நான் கேட்க விரும்புவது வேறு. ஒரு கருவி உருவாகும்போது அதைச் சுற்றி நடக்கும் வேலைகளில் எது 'கண்டுபிடிப்பு' ஆகிறது, எது 'உதவி' ஆகிறது? அந்தப் பிரிவினையைச் செய்வது யார்?

இந்தக் கேள்வியைத் திருநெல்வேலியில் இருந்து கேட்பதில் ஒரு வசதி இருக்கிறது. என் மாணவிகளில் பலர் முக்கூடல், அம்பாசமுத்திரம், பாப்பாக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள். அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால், "சும்மாதான் இருக்காவ மேடம், பீடி சுத்துவாவ" என்று ஒரே மூச்சில் பதில் வரும். சும்மா இருப்பதும் ஆயிரம் பீடி சுற்றுவதும் ஒரே வாக்கியத்தில் முரணின்றிப் பொருந்திவிடுகின்றன. இலையை நறுக்கும் கை, தூளை நிரப்பும் கை, நூலைச் சுற்றும் கை எல்லாம் அவருடையவை. கட்டின் மேல் ஒட்டப்படும் லேபிளில் இருப்பது முதலாளியின் பெயர். கேமராவின் வரலாறும் இதே இலக்கணத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆலை வாசல்

1895 மார்ச் 19ஆம் தேதி, பிரான்சின் லியோன் நகரில், லூயி லூமியர் தன் குடும்பத்துத் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே கேமராவை நிறுத்தினார். வேலை முடிந்து தொழிலாளர்கள் வெளியே வருகிறார்கள். ஒரு நிமிடம்கூட ஓடாத அந்தப் படம் மூன்று நாள் கழித்து, மார்ச் 22ஆம் தேதி, பாரிஸில் அழைக்கப்பட்டவர்களுக்குக் காட்டப்பட்டது. உலக சினிமாவின் முதல் காட்சிகளில் ஒன்று என்று எல்லாப் பாடப் புத்தகங்களும் இதைச் சொல்கின்றன. அந்த வாசலில் இருந்து வெளிவருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதைச் சொல்லும் புத்தகங்கள் குறைவு. நீண்ட பாவாடையும் தொப்பியும் அணிந்து, ஒருத்தி இன்னொருத்தியின் பாவாடையை விளையாட்டாக இழுத்துவிட்டுப் போகிறாள்.

அந்தப் பெண்கள் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டால் கதை மாறிவிடும். அது புகைப்படத் தகடு செய்யும் ஆலை. கண்ணாடியின் மேல் வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூசி, உலரவைத்து, ஒளி படாமல் பெட்டியில் அடைத்து விற்றார்கள். லூமியர் குடும்பத்துக்குச் செல்வம் தந்தது இந்தத் தகடுதான். சினிமாட்டோகிராஃப் என்ற கருவியைச் செய்து பார்க்கத் தேவையான பணமும் பட்டறையும் ஓய்வும் அதில் இருந்து வந்தவை. ஆக, அந்தப் பெண்கள் கேமரா முன்னால் தற்செயலாக நடந்துபோனவர்கள் அல்லர். கேமரா நிற்கும் தரையே அவர்கள் உழைப்பு.

இன்னொரு செய்தியும் உண்டு. பிலிமை ஒரு கட்டம் நகர்த்தி, ஒரு கணம் நிறுத்தி, மறுபடி நகர்த்துவது எப்படி என்பதே அன்றைய பெரிய சிக்கல். தூக்கம் வராத ஓர் இரவில் லூயிக்கு விடை கிடைத்தது என்றும், தையல் மிஷின் துணியை நகர்த்தும் முறையே அதற்கு வழிகாட்டியது என்றும் அவருடைய அண்ணன் ஓகுஸ்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தையல் மிஷினில் உட்கார்ந்த எவருக்கும் இது உடனே விளங்கும். ஊசி மேலே போகும்போது பல் துணியைத் தள்ளும். ஊசி இறங்கும்போது துணி நிற்கும். கேமராவில் ஊசிக்குப் பதில் ஒளி இறங்குகிறது, அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டில் அந்த மிஷினின் முன்னால் நாள் முழுக்கக் குனிந்திருந்தவர்கள் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்களின் கருவியில் இருந்து ஒரு யோசனை ஆண்களின் கருவிக்குப் போனது. போகிற வழியில் அது 'மேதைமை' ஆனது.

நான்கு லட்சத்து எழுபதாயிரம் துளைகள்

இந்தியாவுக்கு வருவோம். 1912இல் பால்கே லண்டன் போய் வில்லியம்சன் கேமராவும், பிலிமில் துளையிடும் கருவியும் வாங்கி வந்தார். அந்தப் பயணத்துக்கும் அதன் பின்னான செலவுகளுக்கும் அவருடைய மனைவி சரஸ்வதிபாயின் நகைகள் போயின. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. நகையைக் கழற்றிக் கொடுத்த மனைவி என்ற அளவில் வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. கழுத்து வெறுமையான பிறகு அந்தக் கைகள் என்ன செய்தன என்பதுதான் முக்கியம்.

அன்று கச்சா பிலிம் துளையில்லாமல் வந்தது. ஓரத்தில் சீரான துளை இல்லாவிட்டால் கேமராவின் பல் அதைப் பற்றி இழுக்க முடியாது. துளைகளுக்கு இடையிலான தூரம் மயிரிழை மாறினாலும் திரையில் உருவம் நடுங்கும். சரஸ்வதிபாய் அந்தக் கருவியைக் கற்றுக்கொண்டு, இருட்டறையில் பிலிமுக்குத் துளையிட்டார். கழுவுவதற்கான ரசாயனக் கலவை தயாரிக்கவும், பிலிமைக் கழுவி எடுக்கவும் கற்றார். படப்பிடிப்பின்போது வெயிலைத் திருப்பிவிட வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றார். இவற்றோடு, படக்குழுவில் இருந்த அறுபது எழுபது பேருக்குச் சமையலும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 கட்டங்கள். ஒரு கட்டத்துக்குப் பக்கத்துக்கு நான்காக எட்டுத் துளைகள். அடிக்கு 128 துளைகள். 'ராஜா ஹரிச்சந்திரா' ஏறத்தாழ 3,700 அடி. திரையில் ஓடிய நீளத்துக்கு மட்டும் 4,73,600 துளைகள். எடுத்து ஒதுக்கிய பிலிம், பிரதி எடுத்த பிலிம் இந்தக் கணக்கில் சேரவில்லை. கருவிதான் துளைத்தது என்று சொல்லலாம். கேமராவும் கருவிதான். கேமராவின் கைப்பிடியைச் சுற்றியவர் கலைஞர் என்றால், துளைக்கருவியின் கைப்பிடியைச் சுற்றியவர் யார்?

1913 மே 3ஆம் தேதி பம்பாயில் அந்தப் படம் மக்கள் பார்வைக்கு வந்தபோது, திரையில் ராணி தாராமதியாக நின்றவர் சாலுங்கே என்ற ஆண். நடிக்கப் பெண் கிடைக்கவில்லை. திரையில் பெண் இல்லாத அந்தப் படத்தின் ஒவ்வொரு கட்டமும் ஒரு பெண் இட்ட துளைகளைப் பிடித்துக்கொண்டுதான் ஓடியது. திரையில் தெரியும் பெண்ணை எண்ணுவதற்கு நம் விமர்சனம் பழகியிருக்கிறது. துளைகளை எண்ண இன்னும் பழகவில்லை.

சென்னைக்கு வந்த பேசும் கருவி

தமிழ்நாட்டில் நாம் விரும்பிச் சொல்வது கருவி வாங்கிய கதைகளை. 1905இல் ரயில்வே அலுவலகத்தில் படம் வரையும் ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் டுபான்ட்டிடம் இருந்து புரொஜெக்டரை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். சென்னையில் புகைப்பட நிலையம் நடத்திய ரகுபதி வெங்கையா, 1910 வாக்கில் தன் சொத்தை அடகுவைத்து க்ரோனோமெகாபோன் என்ற கருவியை வாங்கினார். அதன் விலை 30,000 ரூபாய் என்று எழுதுகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு அவர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் போனார். வெள்ளையர் நடத்திய தொழிலில், கையில் ஒன்றுமில்லாத இந்த நாட்டுக்காரர்கள் துணிந்து இறங்கிய கதைகள் இவை. எனக்கு இவர்கள் மேல் மதிப்பு உண்டு. காலனிய வரலாறு இவர்களையும் இருட்டடிப்புச் செய்தது. இவர்களை மீட்டெடுத்த ஆய்வாளர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள்.

ஆனால் வெங்கையா வாங்கிய கருவிக்குள் இன்னொரு இருட்டடிப்பு இருந்தது. அது கோமோன் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் படைப்பு. படம் ஓடும்போதே இசைத்தட்டும் ஓடும். இரண்டையும் ஒரே வேகத்தில் இணைத்து, பெரிய ஊதுகுழல் வழியே ஒலியைக் கூட்டத்துக்குக் கேட்கவைக்கும். தமிழ்ப் பேசும்படம் 1931இல்தான் வந்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே சென்னை மக்கள் திரை உருவம் பாடுவதைப் பார்த்துவிட்டார்கள்.

இந்தப் பாடும் படங்களுக்கான முறையைப் படப்பிடிப்புத் தளத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஆலிஸ் கி. முதலில் பாட்டைத் தட்டில் பதிவுசெய்வார்கள். பிறகு அந்தத் தட்டை ஓடவிட்டு, பாடகர் வாயசைக்க, கேமரா பதிவுசெய்யும். நாம் பின்னணிப் பாட்டுக்குப் படமெடுக்கும் முறையின் முன்னோடி இதுதான். 1902இல் இருந்து சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய படங்களை ஆலிஸ் இயக்கினார். 1905இல் எடுக்கப்பட்ட ஒரு சிறு படத்தில், தளத்தின் நடுவே கருவிகளுக்கும் ஆட்களுக்கும் இடையில் அவர் நின்று வேலைவாங்குவதை இன்றும் பார்க்கலாம்.

1894இல் காரியதரிசியாக வேலைக்குச் சேர்ந்தவர் அவர். 1895 மார்ச் 22ஆம் தேதி லூமியரின் ஆலைப் பெண்களைத் திரையில் பார்த்தவர்களில் ஒருவர். பார்த்ததும் அவருக்குத் தோன்றியது, ஆலை வாசலையும் ரயிலையும் காட்டும் இந்தக் கருவியால் கதை சொல்லலாமே என்று. முதலாளியிடம் அனுமதி கேட்டார். காரியதரிசி வேலை கெடாமல் செய்வதானால் செய்துகொள் என்று பதில் கிடைத்தது. 'வீட்டு வேலை கெடாமல் எழுதுவதானால் எழுதிக்கொள்' என்று கேட்டு வளர்ந்த தமிழ்ப் பெண் எழுத்தாளர்களுக்கு இந்த வாக்கியம் அந்நியமானதல்ல. 1896இல் அவர் முட்டைக்கோஸ் தேவதையைப் பற்றிய சிறுபடத்தை எடுத்தார். பிறகு அமெரிக்கா போய், 1910இல் சோலாக்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். ஆனால் சினிமா வரலாறு எழுதப்பட்டபோது அவருடைய படங்கள் ஆண்களின் பெயரில் ஏறின. முதுமையில் அந்தப் படங்களைத் தேடி அலைந்து, தன் பட்டியலைத் தானே தயாரித்து, நினைவுக் குறிப்பை எழுதிவைத்தார். 1968இல் அவர் இறந்தார். குறிப்பு நூலானது 1976இல்.

கருவியை அடகுவைத்து வாங்கியவர் பெயர் நமக்குத் தெரியும். தயாரித்த நிறுவனத்தின் பெயர் கருவியிலேயே பொறித்திருக்கும். அதைப் பாடவைத்தவள் பெயர் எங்கும் இல்லை.

திரௌபதி மேல் திரும்பிய கேமரா

கருவி நம் கைக்கு வந்ததும் அது எதைப் பார்த்தது? 1917-18 வாக்கில் நடராஜ முதலியார் சென்னை புரசைவாக்கத்தில் தளம் அமைத்து எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். மாறுவேடத்தில் பணிப்பெண்ணாக இருக்கும் திரௌபதியை அரசனின் மைத்துனன் பலவந்தப்படுத்த முயலும் கதை. அதை அடுத்து வந்தது 'திரௌபதி வஸ்திராபகரணம்'. இந்தப் படங்கள் இன்று இல்லை. தலைப்புகளே போதும் யோசிக்க. தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்துப் பழகிய மக்களுக்குத் தெரிந்த கதையைத்தான் ஒரு தொழில்முனைவோர் தேர்ந்தெடுப்பார், அதில் வியப்பில்லை. ஆனால் கூத்தில் திரௌபதிக்கு வாய் இருந்தது. சபையைக் கேள்வி கேட்பாள், சபதம் போடுவாள். ஊமைப்படக் கேமரா அந்த வாயை எடுத்துக்கொண்டு சேலையை மட்டும் விட்டுவைத்தது. பெண் பார்க்கப்படும் பொருளாவது இயக்குநரின் கண்ணால் மட்டும் நேர்வதல்ல. ஒலியில்லாத கருவியின் அமைப்பும் அதில் பங்கு வகித்தது.

கருவியின் கண்ணுக்கும் ஒரு சாதி உண்டு. அந்தக் காலத்துப் பிலிம் நீலத்தை நன்றாக உணரும், சிவப்பை உணராது. சிவந்த உதடு கறுப்பாகப் பதியும். நம் மாநிறமும் கறுப்பும் உள்ளதைவிட இருண்டு, முகத்தின் நெளிவுகள் மறைந்துபோகும். அதனால் நடிகைகளின் முகத்தில் வெள்ளைப் பூச்சு ஏறியது. எல்லா நிறங்களையும் உணரும் பிலிம் 1920களில் பரவிய பிறகும் பூச்சு இறங்கவில்லை. நம் ஊர் ஸ்டூடியோவில் கண்ணாடியும் சீப்பும் பவுடர் டப்பாவும் வைத்த பலகையை நினைத்துப் பாருங்கள். கறுத்த பெண் அங்கே நின்று தன்னைத் திருத்திக்கொண்டு வந்த பிறகுதான் படம். குறை ரசாயனத்தில் இருந்தது. திருத்தம் பெண்ணின் முகத்தில் நடந்தது.

பெண் கையில் இருந்தால் போதுமா?

அப்படியானால் கேமரா பெண் கைக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இந்தக் கேள்வியை நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவோடு தொடங்கி, உலகப் புகழ்பெற்ற உருவப்படங்களை எடுத்தவர். கண்ணாடித் தகட்டில் கலவையை ஊற்றி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவும் கடினமான முறை அது. அவர் விரல்களில் வெள்ளி உப்பின் கறை போகாமல் இருந்தது. 1875இல் அவர் குடும்பம் இலங்கைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர்களுக்குக் காபித் தோட்டங்கள் இருந்தன.

இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் டென்னிசனுக்குப் பெயர் உண்டு, டார்வினுக்குப் பெயர் உண்டு. இலங்கையில் அவர் எடுத்த உழைக்கும் மக்களின் படங்களில் பெயர் இல்லை. களுத்துறைக் குடியானவர்கள் என்பது போன்ற குறிப்புகள்தான். அதே காலத்தில் திருநெல்வேலி, மதுரை, திருச்சி மாவட்டங்களில் இருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி இலங்கையின் காபித் தோட்டங்களுக்குப் போனவர்கள் நம் மக்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களைக் கங்காணியின் கணக்கு தலைகளாக எண்ணியது. ஒரு பெண்ணின் கேமராவும் அந்தத் தோட்ட உலகின் மக்களுக்குப் பெயர் கேட்கவில்லை. பாலினம் ஒரு கண்ணைத் திறக்கலாம். வர்க்கமும் சாதியும் நிறமும் மறு கண்ணை மூடிவிடலாம். கேமரனைப் பெண்ணிய முன்னோடி என்று கொண்டாடும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், நாமும் ஒரு லேபிள் ஒட்டுகிறோம்.

கழுவும் வேலை

சில ஆண்டுகளாக என் மாணவிகளுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். உங்கள் ஊரில் பழைய ஸ்டூடியோ நடத்திய குடும்பம் இருந்தால், அங்குள்ள பெண்களிடம் பேசிவிட்டு வாருங்கள். ஆற்றுப்பாசனத்து ஊர் ஒன்றில் இருந்து ஒரு மாணவி கொண்டுவந்த குறிப்பு இது. ஸ்டூடியோ தாத்தா பெயரில் இருந்தது. இரவு அடுப்பங்கரை வேலை முடிந்த பிறகு ஆச்சி இருட்டறைக்குப் போவார். ஹைப்போவில் இருந்து எடுத்த பிரதிகளைக் கிணற்றுத் தண்ணீரில் மாற்றி மாற்றி அலசுவார். கம்பியில் தொங்கவிட்டு, காய்ந்ததும் ஓரம் வெட்டுவார். நெகடிவில் பென்சிலால் முகத்தழும்பை மறைப்பதும் அவர்தான். "நான் போட்டா எடுத்ததில்ல ளா, அலசத்தான் செஞ்சேன்" என்றாராம்.

இந்த 'அலசத்தான்' என்ற சொல்லில் நிற்க வேண்டும். ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்பதை 1819இல் கண்டறிந்த ஜான் ஹெர்ஷலின் பெயர் புகைப்பட வரலாற்றின் முதல் பக்கங்களில் இருக்கிறது. அவரால்தான் படம் வெளிச்சத்தில் நிலைத்தது. ஆனால் அந்த ஹைப்போ தாளில் மிஞ்சினால் சில ஆண்டுகளில் படம் மஞ்சளித்து மங்கிவிடும். நிறைய நீரில் நெடுநேரம் அலச வேண்டும். நம் வீட்டு மரப்பெட்டிகளில் ஐம்பது அறுபது ஆண்டுகளாக மங்காமல் இருக்கும் கல்யாணப் படங்கள் எல்லாம் யாரோ ஒருவர் பொறுமையாக அலசியதால் இருப்பவை. நிலைக்கவைக்கும் ரசாயனம் அறிவியல் ஆனது. நிலைக்கவைக்கும் அலசல் பாத்திரம் கழுவுவதைப் போன்ற வேலை ஆகிவிட்டது. படத்துக்கு இரண்டும் வேண்டும்.

இது பழங்கதை அல்ல. பெண் ஒளிப்பதிவாளர் என்று தமிழில் பி. ஆர். விஜயலட்சுமியின் பெயரைச் சொல்ல 1985 வரை, 'சின்ன வீடு' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'கீசக வத'த்தில் இருந்து எண்ணினால் ஏறத்தாழ 67 ஆண்டுகள். இடையில் 1936இலேயே டி. பி. ராஜலட்சுமி 'மிஸ் கமலா'வை எழுதி இயக்கிவிட்டார். கதையும் இயக்கமும் பெண்ணிடம் வந்த பிறகும் கருவி மட்டும் வரவில்லை. இன்றும் நெல்லைச் சீமையில் கல்யாண மண்டபத்து மேடைக்கு முன்னால் நிற்கும் கேமராக்காரர்களில் பெண்ணைக் காண்பது அரிது. காட்சித் தொடர்பியல் படிக்கும் பெண்பிள்ளைகளிடம் கேமரா கனம், உன்னால் தூக்க முடியாது என்று சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக ஆற்றில் இருந்து வீடுவரை நடந்தவர்கள். கனம் ஒரு காரணமாக இருந்ததே இல்லை. கண்டுபிடிப்பும் கருவியும் ஆணுக்கு, துளையிடுவதும் அலசுவதும் பெண்ணுக்கு என்று வரலாற்றுப் பாடம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர்கள் ஒப்பிக்கிறார்கள்.

அதனால்தான் இந்தப் பாடத்தைத் திருத்துவது முக்கியமாகிறது. தேர்வுத்தாளில் 'சினிமாவின் தந்தை யார்?' என்று கேட்கும்வரை ஒரே ஒரு பெயர்தான் விடையாக வரும். பிலிமுக்குத் துளையிட்டது யார், தகட்டைப் பூசியது யார், பாட்டுக்கு வாயசைப்பைப் பொருத்தியது யார், படத்தை அலசியது யார் என்று கேட்டுப் பாருங்கள். விடை எழுத மாணவி நூலகத்துக்கும் போக வேண்டியிருக்கும், தன் வீட்டு அடுப்பங்கரைக்கும் போக வேண்டியிருக்கும். அடுப்பங்கரையில் பேச ஆள் இருக்கும்போதே போய்விடுவது நல்லது.